பங்குக் கிணறு

எங்கள் தோட்டக் கிணற்றின் உட்பக்கத்தில் உளியால் கொத்திய கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். சுண்ணக்கல்லில் கொத்தியவை, இத்தனை வருடமாகியும் மழுங்கவில்லை. மாரியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் தண்ணீருக்குள் இருக்கும். கோடையில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கின பிறகு, காலை வெய்யில் மேற்குப் பக்கத்துக் கல்லில் விழும்போது குனிந்து பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். சில இடங்களில் இரண்டு மூன்று கோடுகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.

கொத்தினவர் அப்பு, என் அம்மாவின் தகப்பன். வருடத்துக்கு ஒருமுறை கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு அள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முதல்நாள் விடிய, ஒருவரும் தண்ணீர் இறைக்கிற துலாவில் கால் வைக்கமுன், அப்பு இடுப்பில் உளியைச் செருகிக்கொண்டு கயிற்றில் இறங்குவார். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போடுவார். ஏறி வந்து, தலைப்பாவை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன வருடக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பதை மட்டும் சொல்லுவார். கீழே என்றால் அந்தக் கோடையில் வைக்க இருந்த வெங்காயத்தில் ஒரு பரப்புக் குறையும். அதைப் பற்றி வீட்டில் மறுபேச்சு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்தச் சித்திரையில் தம்பியின் கடைசி மகள் வந்தாள். கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படிக்கிறாள். பயிற்சிக்காக ஒரு வினாக்கொத்து நிரப்பவேண்டுமாம், பெரியப்பாவின் தோட்டத்தை வைத்தே நிரப்பட்டோ என்று கேட்டாள். 2015இல் ஐக்கிய நாடுகள் வகுத்த 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் இரண்டாவது பசி ஒழிப்பு. அதற்குள் 2.4.1 என்று ஒரு குறிகாட்டி இருக்கிறது. ஒரு நாட்டின் விவசாய நிலத்தில் எவ்வளவு பங்கு நிலைத்து நிற்கக்கூடிய விதமாகப் பயிரிடப்படுகிறது என்று அது அளக்கிறது. அதற்காக உணவு விவசாய நிறுவனம் 11 விடயங்களைக் கேட்கச் சொல்லியிருக்கிறது: விளைச்சலின் பெறுமதி, கைக்கு வந்த தேறிய வருமானம், நட்டம் வந்தால் தாங்க வழி, மண், தண்ணீர், பசளை, பீடைநாசினி, தோட்டத்தில் வாழுகிற மற்ற உயிர்கள், கூலி, வீட்டுச் சாப்பாடு, காணி உரிமை. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். நல்ல கேள்விகள். தோட்டம் செய்கிறவனின் கணக்கோடு, அவனிடம் கூலிக்கு நிற்கிறவரின் சம்பளத்தையும், அடுக்களையில் உலை கொதிக்கிறதா என்பதையும் சேர்த்து ஒரே தாளில் கேட்டதை நான் இதற்குமுன் கண்டதில்லை. எங்கள் காலத்து உத்தியோகத்தர்கள் எத்தனை அந்தர் வெங்காயம் என்பதோடு கொப்பியை மூடிவிடுவார்கள்.

அவள் முதலில் தண்ணீரில் தொடங்கினாள். "வருசத்துக்கு வருசம் தண்ணி குறையுதோ பெரியப்பா? குறைஞ்சால், பாவிக்கிற ஆக்களுக்குள்ள அதைப் பங்கிட்டுக் குடுக்க ஓர் அமைப்பு இருக்கோ?"

அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைப்போம் என்றேன். அவள் திரையில் விரலை வைத்து அடுத்ததுக்குப் போனாள். நான் போகவில்லை.

எங்கள் கிணறு நாலு பங்கு. அப்புவுக்கு ஒன்று, அவருடைய தமையனுக்கு ஒன்று, வடக்கு வளவாருக்கு ஒன்று, தெற்கு வளவு ஆச்சிக்கு ஒன்று. காணி உறுதியில் பரப்புக் கணக்கோடு கிணற்றுப் பங்கும் துலாவும் வழிவாய்க்காலும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது எங்கள் கணக்கு. அந்த ஏக்கரே மூன்று நாலு பேருக்குள் துண்டுபட்டுக் கிடக்கும். கிணற்றை மட்டும் துண்டாக்க முடியாது, நாளைத்தான் துண்டாக்கலாம். எட்டு நாளைக்கு ஒரு சுற்று, ஆளுக்கு இரண்டு நாள். இதற்குப் பெயர் முறை. "நாளைக்கு ஆற்ற முறை?" என்ற கேள்வியைக் கேட்காத பொழுது எங்கள் ஒழுங்கையில் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போதுகூட முறைநாளைத் தவிர்த்துத்தான் பார்ப்பார்கள்.

ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஏற்றிய தேசவழமைச் சட்டத்தில், காணி விற்கப்போகிறவன் பங்குகாரரிடமும் அயல் காணிக்காரரிடமும் முதலில் கேட்கவேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் பழைய ஆட்களின் ஊர்ப்பற்று என்று சிலர் சொல்லுவார்கள். பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவனுக்கு அதன் காரணம் தெரியும். முன்பின் தெரியாத ஒருவன் ஒரு பங்கை வாங்கி இரவிரவாக இறைத்தால் மற்ற மூன்று பேரின் பயிரும் போய்விடும்.

தெற்கு வளவு ஆச்சி இளமையிலேயே தாலி இழந்தவ. ஆண்பிள்ளை இல்லை. துலா மிதிக்க ஆளில்லாத அவவின் முறைநாளில் மற்ற மூன்று வீட்டாரும் மாறிமாறிப் போய் இறைத்துக் கொடுப்பார்கள். அவ காசு கொடுக்கமாட்டா. விதை வெங்காயம் கொடுப்பா. அவவின் அடுக்களைக் கூரையில், அடுப்புப் புகை படுகிற வளையில், பிடிபிடியாகக் கட்டின வெங்காயம் வரிசையாகத் தொங்கும். ஊரில் யாருடைய விதை அழுகினாலும் அவவின் விதை அழுகாது. மார்கழியில் அந்த வளையை அண்ணாந்து பார்த்துப் பிடிகளை எண்ணினால், அடுத்த போகத்தில் நாலு பங்கிலும் எத்தனை பாத்தி நடலாம் என்று சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த முதல் கணக்கெடுப்பு அதுதான். ஆச்சியின் அடுக்களையில் நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு எண்ணுவேன். புகை கண்ணில் கரிக்கும்.

விடியப்புறம் நாலு மணிக்கு இறைப்புத் தொடங்கும். தை மாதத்துப் பனி வாழையிலையில் சொட்டுகிற சத்தம் இருட்டில் கேட்கும். சின்ன மாமா துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஆடுகாலுக்கு நடுவில் அச்சுலக்கை கிறீச்சிடும். அப்பு கீழே நின்று துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையை உள்ளே இறக்கி, நிரம்பினதும் ஏற்றிக் கவிழ்ப்பார். பட்டை என்றால் பனையோலையில் இழைத்தது. ஊறி ஊறிக் கறுத்து, தோல் மாதிரி இருக்கும். நான் தண்ணி மாறுகிறவன். மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று, ஒரு பாத்தி நிரம்பினதும் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்கவேண்டும். செம்பாட்டு மண் குளிர்ந்து விரலிடுக்கெல்லாம் ஏறும். தலைப் பாத்திக்கு ஆறு பட்டை, கடைப் பாத்திக்கு எட்டு. "ரெண்டு பட்டையை வாய்க்கால் குடிக்குது, மோனை. வாய்க்காலைச் செதுக்கு" என்பார் அப்பு. நூறு பட்டைக்கு ஒரு கூழாங்கல்லைக் கிணற்றுக்கட்டில் வைப்பார். விடிந்ததும் கல்லை எண்ணி, ஒன்றும் பேசாமல் திரும்பக் கிணற்றடியில் குவித்துவிடுவார்.

அந்த இறைப்புக்கு ஓர் எல்லை இருந்தது. துலா மிதிக்கிறவரின் கால் ஓயும்போது கிணறும் ஓயும். சின்ன மாமாவின் நாரி நோவு எங்கள் நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது என்று இப்போது விளங்குகிறது. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் நாற்பது வயதிலேயே கூனிப்போனார். வினாக்கொத்தில் உழைக்கிறவரின் கூலிக்கு ஒரு வரி இருக்கிறது, உடம்புக்கு இல்லை. அதையும் ஒருநாள் சேர்க்கவேண்டும்.

பெறாமகள் மண்ணைப் பற்றிக் கேட்டாள். தோட்டத்தில் எவ்வளவு பங்கு மண் பழுதாகியிருக்கிறது? பத்தில் ஒரு பங்குக்குக் குறைவென்றால் பச்சை, பாதிக்கு மேலென்றால் சிவப்பு.

எங்கள் வளவைச் சுற்றி இப்போது மதில். கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பின காசில், ஏழடி உயரத்தில் கட்டினது. முந்தி வேலி. பூவரசும் கிளுவையும் முள்முருக்கையும் கதியாலாக நின்ற வேலி. குழை தாட்கிற காலம் வந்தால் அந்தக் கதியாலெல்லாம் மொட்டையாகும். கொத்துக்கொத்தாக வெட்டின இலையைத் தறையில் சாலிழுத்துப் புதைப்பார்கள். போதாததற்கு வன்னியிலிருந்து வண்டிகளில் காட்டுக்குழை வரும். வீட்டுக் கூரையிலும் வேலியிலும் ஒருவருடம் வெய்யில் மழை தின்ற பழைய ஓலையைக் கழற்றினால் அதுவும் தோட்டத்துக்குள்தான் போகும். வருடத்துக்கு வருடம் வீடு புது ஓலை உடுத்தும், பழையதை மண் தின்னும். ஓட்டுக்கூரையும் மதிலும் வந்தபோது எல்லாரும் சந்தோசப்பட்டோம், நானும்தான். நாளுக்கு நாள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே படித்தவனுக்கு அந்தச் சந்தோசம் பொய்யில்லை. ஆனால் அந்த மண்ணுக்கு வருடாவருடம் போய்க்கொண்டிருந்த சாப்பாடு அன்றோடு நின்றது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மாட்டுப்பட்டி அடைக்கிறதும் அப்படித்தான். அறுவடை முடிந்த தறையில் இரவில் மாடுகளை அடைத்து, நாளுக்கு நாள் பட்டியை நகர்த்திக்கொண்டே போவார்கள். பத்துப் பதினைந்து இரவில் தறை முழுவதும் எருவும் சலமும் ஊறிவிடும். பட்டிக்காரருக்கு நெல்லோ காசோ கொடுப்பார்கள். காலையில் அந்த மண்ணில் நடந்தால் வெறுங்காலில் சூடு தெரியும்.

மண்ணெண்ணெய் மெசின் எங்கள் கிணற்றுக்கு வந்தது நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது. வடக்கு வளவார்தான் முதலில் வாங்கினார்கள். நாலு மணித்தியாலம் துலா மிதித்து இறைக்கிறதை அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இறைத்துத் தள்ளியதாக அன்று எங்களுக்குத் தோன்றியது. சின்னப் பிள்ளைகள் நாங்கள் குழாய் வாயில் வெள்ளையாக நுரைத்து விழுந்த தண்ணீரில் குளித்துக் கும்மாளமடித்தோம். அப்பு கிணற்றுக்கட்டில் கைவைத்து உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும் குழாயின் வாயைப் பார்த்தோம், அவர் ஒருவர்தான் உள்ளே பார்த்தார். அந்தக் காட்சி எனக்கு இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை.

அவர் பார்த்தது எதை என்பதற்கு ஒரு விளக்கம் பிறகு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை, செம்பாட்டு மண்ணுக்கூடாக இறங்கிச் சுண்ணக்கல் வெடிப்புகளில் தங்கி, கீழே கிடக்கிற கடல்நீரின்மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறும். நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். அப்புவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் அவருடைய உளியின் ஒரு விரற்கடைக்குக் கீழே நாற்பது விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம், கனகராயன் ஆற்றின் வெள்ளத்தைக் கடல்நீரேரிகளில் தேக்கிக் குடாநாட்டின் நிலத்தடி நீரைச் செழிக்கவைக்க ஒரு திட்டம் வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்றே அதற்குப் பெயர். இன்றுவரை அது முழுதாக நிறைவேறவில்லை.

1970களின் முதற்பாதியில் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிக் கட்டியபோது எங்கள் ஊருக்குச் சுக்கிரன் அடித்தது. செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடு எழும்பியது. கொழும்புக்கு லொறி லொறியாகப் போனது. வினாக்கொத்து, கடந்த மூன்று வருடமும் இலாபமா என்று கேட்கிறது. மூன்றும் இலாபமென்றால் பச்சை. அந்தக் காலத்தில் வந்து கேட்டிருந்தால் எங்கள் குறிச்சி முழுவதும் பச்சையாக இருந்திருக்கும். யூரியா மூட்டை மூட்டையாக இறங்கியதும் அப்போதுதான். நானே மார்போடு அணைத்துச் சுமந்து போய், கை நிறைய அள்ளி வீசியிருக்கிறேன். இலை கரும்பச்சையாகப் பொலியும்போது மனம் கொள்ளாது. பசளைக்கும் மருந்துக்கும் அளவு சொல்ல வந்தவர்களை விட, பக்கத்துத் தறையின் பச்சையைத்தான் நாங்கள் நம்பினோம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. விலை விழுந்ததற்காக யாரும் பசளையைக் குறைக்கவில்லை. விட்டதைப் பிடிக்க இன்னும் கூட்டிப் போட்டோம்.

அப்போதெல்லாம் புகையிலை வெட்டின தறையில் அப்பு குரக்கன் போடச் சொல்லுவார். காசு வராத பயிர். இளந்தாரிகள் எங்களுக்கு அது பிடிக்காது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு வெங்காயம் எடுக்கலாமே என்று வாதாடுவோம். "புகையிலைக்குப் போட்டதில மிஞ்சினது கீழ கிடக்கு. அதைக் குரக்கன் திண்டு முடிக்கட்டும். விட்டால் கிணத்துக்க போகும்" என்பார். எங்கிருந்து அந்த அறிவு வந்ததென்று தெரியாது. அவருக்கு அவருடைய அப்பு சொல்லியிருக்கலாம். அவர் போனபிறகு நாங்கள் குரக்கனை விட்டோம்.

யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். மாரி மழை அதைக் கழுவிக்கொண்டு சுண்ணக்கல்லுக்குள் இறங்கும். வீட்டுக்கு வீடு வெட்டின மலக்குழியிலிருந்தும் அது சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால், புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கமுடியாமல் உடம்பு நீலம்பாரிக்கலாம். எங்கள் குடாநாட்டு வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் பலவற்றில் இந்த எல்லை தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இங்கேதான் அப்புவின் அளவுகள் தோற்கின்றன. தண்ணீர் உவர்த்தால் அவருக்கு உடனே தெரியும். ஆச்சிக்கு அவரிலும் முன்னரே தெரியும், ஏனென்றால் பருப்பு வேகாது, தேத்தண்ணி கருக்கும். கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை கட்டுகிற கெதியை வைத்தே கோடையின் கடுமையைச் சொல்லுவா. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. மட்டக்கோடு எதையும் சொல்லாது. கிணறு வருடாவருடம் மார்கழியில் நிரம்பிக்கொண்டுதான் இருந்தது. நிரம்பின தண்ணீரைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருந்தோம். பழைய ஆட்களுக்கு எல்லாம் தெரியும் என்று மேடையில் சொல்லுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வரும். அப்புவிடம் அளவு இல்லை, குரக்கன் இருந்தது. எங்களிடம் இன்றைக்கு அளவு இருக்கிறது.

1990 ஜூனில் உள்நாட்டுச் சண்டை மீண்டும் தொடங்கியது. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை. யூரியா இல்லை. போத்தல் கணக்கில் கள்ளமாக வந்த மண்ணெண்ணெய் படிக்கிற பிள்ளையின் குப்பிவிளக்குக்கே காணாது, மெசினுக்கு எங்கே ஊற்றுவது? மாட்டுக்கொட்டிலின் மேலே கிடந்த பழைய துலாவை இறக்கினோம். ஆடுகால் உக்கிப்போயிருந்தது, புதிதாகப் பூவரசு தறித்து நட்டோம். பட்டை இழைக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார், அவருக்கும் கண் மங்கல். வாளியைக் கட்டி இறைத்தோம். முப்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, சின்ன மாமா நடந்த அதே இடத்தில் நடந்தேன். குழை தாட்டோம். எங்கும் மதில் எழும்பாத காலம், கதியால் நின்றது. அந்த ஐந்து வருடமும் யாரும் வந்து அளந்திருந்தால் பசளை பச்சை, மருந்து பச்சை, தண்ணீர் பச்சை. வீட்டுச் சாப்பாட்டுக்கு 8 கேள்விகள் இருக்கின்றன: காசில்லாமல் ஒருவேளை சாப்பிடாமல் விட்டீர்களா, பசியிருந்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று. அவற்றுக்கு எங்கள் அடுக்களை சொல்லியிருக்கக்கூடிய பதிலை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒடியல் கூழும் குரக்கன் பிட்டும் எங்களைக் காப்பாற்றின. சுற்றியிருந்த பனைகள் காப்பாற்றின.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, எனக்கு அந்த ஐந்து வருடம்தான் கண்முன் வந்தது. கதியால் இல்லை, பட்டி இல்லை, வன்னிக்குழை வருகிற வண்டி இல்லை. எதைத் தாட்பது? தோட்டத்துக்குச் சாப்பாடு போட்ட வேலியையும் கூரையையும் மாட்டையும் மூன்று தலைமுறையாகக் கழற்றிவிட்டு, ஒரு வர்த்தமானி அறிவித்தலால் திரும்பப் பூட்டமுடியாது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் நெல் விதைத்தவர்கள் பட்ட பாடு தெரிந்ததே.

காணி உரிமைக்கு வந்தாள் பெறாமகள். உறுதி இருக்கிறதா? விற்க, பிள்ளைகளுக்குக் கொடுக்க உரிமை இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. மாமிக்கும் இருந்தது. அவவின் காணி பலாலிப் பக்கம், குடாநாட்டிலேயே நல்ல செம்பாட்டு மண். 1990இல் உடுத்த சேலையோடு வெளிக்கிட்டா. உறுதியை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு வந்தா. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன அந்தக் காணிக்கு முத்திரையோடு, எல்லையோடு, கிணற்றுப் பங்கோடு உறுதி இருந்தது. முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தன் வளவு எந்தத் திக்கில் என்று காட்டுவா. அந்தப் பக்கத்தில் துண்டுதுண்டாகக் காணிகள் விடுபட்டபோது மாமி இல்லை. நானும் அவவின் மகனும் போய்ப் பார்த்தோம். நாயுண்ணிப் பற்றைக்குள் ஒரு கிணற்றுக்கட்டு இருந்தது. அதுதானா என்று சொல்ல மாமி வேண்டும்.

வினாக்கொத்தில் மற்றவை கெதியாக முடிந்தன. கடைசியாக அவள் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். அதற்குள் காகிதக் கீற்றுகள். கிணற்றிலிருந்து அள்ளின தண்ணீரில் ஒன்றை நனைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நுனியில் இருந்த வெள்ளைச் சதுரம் மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு இன்னும் கொஞ்சம் கடுமையாகியது. செவ்வரத்தம்பூவைக் கசக்கின நிறம். போத்தலில் ஒட்டியிருந்த நிறவரிசையோடு வைத்துப் பார்த்தாள். 50க்கும் 100க்கும் நடுவில் நின்றது.

நான் பிறந்தது முதல் குடித்த தண்ணீர். அவளுடைய அப்பா வளர்ந்த தண்ணீர். அந்தக் காகிதத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கனநேரம் பார்த்தேன்.

"குரக்கன் விதை எங்க எடுக்கலாம் பிள்ளை?" என்று கேட்டேன். கிளிநொச்சியில் விசாரித்துச் சொல்லுகிறேன் என்றாள். பிறகு கிணற்றுக்கட்டில் ஏறி இருந்து, விட்டுப்போன கேள்வியை ஞாபகப்படுத்தினாள். தண்ணீரைப் பங்கிட ஓர் அமைப்பு உண்டா?

வெய்யில் மேற்குப் பக்கக் கல்லுக்கு வந்திருந்தது. அவளைக் குனிந்து பார்க்கச் சொல்லிக் கோடுகளைக் காட்டினேன். கைபேசியில் படம் எடுத்தாள். கடைசிக் கோடு எந்த வருடம் என்று கேட்டாள். அப்பு போன வருடம். அவருக்குப் பிறகு ஒருவரும் இறங்கவில்லை. இந்த வினாக்கொத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்கவேண்டும் என்றுதான் வகுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அடுத்தமுறை வருவாயா என்று கேட்டேன். படிப்பு முடிந்துவிடும், தெரியாது பெரியப்பா என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

அப்புவின் தமையன் வீட்டுப் பங்கு இப்போது ரொறன்ரோவில். வடக்கு வளவார் 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போனவர்கள், திரும்பவில்லை. வாரிசுகள் இருவர் லண்டனில் என்று கேள்வி. தெற்கு வளவு ஆச்சியின் காணியில் வாழை நட்டிருக்கிறேன், அவவின் பேர்த்தி பிரான்சிலிருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதினா. உறுதியில் நாலு பங்கும் அப்படியே இருக்கின்றன. எட்டு நாள் முறையும் யாரும் மாற்றி எழுதாததால் அப்படியே இருக்கிறது.

"இருக்கு எண்டு போடட்டோ, இல்லை எண்டு போடட்டோ?" அவள் விரல் திரைக்கு மேலே நின்றது.

"நாலு பங்கு எண்டு போடு" என்றேன். "இப்ப எல்லா நாளும் என்ர முறைதான்."

அதற்கு அவளுடைய திரையில் கட்டம் இருக்கவில்லை. கொப்பியின் ஓரத்தில் பேனையால் எழுதிக்கொண்டாள். நான் மெசினைப் போட எழும்பினேன். வெங்காயம் வாடத் தொடங்கியிருந்தது.